தூர் வாரியும் தெருவில் தண்ணீர் நிற்கிறது, வாய்க்காலும் எதிர்த்து ஏறுகிறது: கோளாறு எங்கே?

தெற்குவீதி:

திருவாரூர் மாவட்டம், வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் ஒரு நகராட்சி. ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

தெரு நீளம் சுமார் 200 மீட்டர். கிழக்கு ஓரம் மட்டும் கான்கிரீட் வடிகால், உள்ளளவு இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், மேலே சிலாப். எதிர்ப்பக்க வீடுகளின் தண்ணீர் சாலையைக் கடந்துதான் இதில் இறங்க வேண்டும். பின்தெருவையும் சேர்த்தால் இந்த வடிகாலை நம்பியிருக்கும் பரப்பு ஏறக்குறைய ஐந்து ஏக்கர். தெரு முனையில் ஒன்றரை அடி ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) ஒன்று. பிரதான சாலைக்கும் ஒரு காலி மனைக்கும் அடியில் 40 மீட்டர் ஓடி வாய்க்காலில் விழுகிறது.

ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் மழை அடித்தால் முழங்கால் அளவு நிற்கிறது. மழை விட்டு அரை நாள் ஆனாலும் வடிவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் நிறையத் தண்ணீர் போகும்போது மழை இல்லாத நாளிலும் வாய்க்கால் தண்ணீர் பைப் வழியாகத் தெருவுக்கு ஏறி வருகிறது. ஆகாயத்தாமரைத் துண்டுகளும் சேர்ந்தே வருகின்றன.

புரட்டாசிக்குப் புரட்டாசி ஆள் வந்து நாலைந்து சிலாப்பைத் தூக்கி, மண்ணை அள்ளி ஓரத்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள். நகராட்சியில் கேட்டால் "வாய்க்கால் எங்களுடையது இல்லை" என்கிறார்கள். நீர்வளத் துறையில் கேட்டால் "அது பாசன வாய்க்கால், அதில் தெருத் தண்ணீரை விட்டதே தப்பு" என்கிறார்கள். இப்போது வடிகாலை மூன்றடி அகலமாக்கி, மேலே புது ரோடு போட மதிப்பீடு தயாராகிறதாம். அதனால் தீருமா? எதை அளப்பது, யாரிடம் எதைக் கேட்பது? மறியல் எல்லாம் செய்து பார்த்தாயிற்று, அதனால் ஆறுதல் சொல்ல வேண்டாம்.

மட்டக்கோல்:

மூன்றடி ஆக்கினாலும் தீராது. கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும்.

தெருவுக்கு வரும் தண்ணீர்: பரப்பு ஹெக்டேரில், மழை மணிக்கு மில்லிமீட்டரில், வழிந்தோடும் விகிதம் (பெய்ததில் எத்தனை பங்கு ஓடிவரும் என்பது), மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். உங்களுக்கு 2 ஹெக்டேர், 50 மி.மீ. வீடும் சிமென்ட் தரையுமாக இருக்கும் பகுதிக்கு விகிதம் 0.8 போடலாம். 0.222 கன மீட்டர், அதாவது நொடிக்கு 220 லிட்டர்.

வடிகால் கொள்ளளவு: இரண்டடி அகலத்தில் தண்ணீர் அரை மீட்டர் ஆழம் ஓடுவதாக வைப்போம். வாட்டம் ஆயிரத்துக்கு ஒன்று (ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம்), சுவரும் தரையும் சுத்தம். அளவு, வாட்டம், சொரசொரப்பை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடும் மானிங் சூத்திரப்படி நொடிக்கு 205 லிட்டர் போகும். வரும் தண்ணீருக்கு ஏறக்குறைய சரி. அதாவது கட்டியவர் அளவில் பெரிய தப்புச் செய்யவில்லை.

அதே வடிகாலில் 20 செ.மீ. வண்டல் படிந்துவிட்டால்? மீதி ஆழம் 30 செ.மீ., அடியும் சொரசொரப்பு. கொள்ளளவு 80 லிட்டருக்கு இறங்கிவிடும். ஆழத்தில் போனது ஐந்தில் இரண்டு பங்குதான், ஓட்டத்தில் போனது ஐந்தில் மூன்று பங்கு. வேகமும் நொடிக்கு 0.45 மீட்டராகக் குறைகிறது. 0.6 மீட்டருக்குக் கீழே போனால் மணல் தானாக அடித்துக்கொண்டு போகாது, மேலும் படியும். மத்திய அரசின் 2019 மழைநீர் வடிகால் கையேட்டிலும் குறைந்தபட்ச வேகம் இந்த 0.6-தான்.

இப்போது பைப்புக்கு வருவோம். ஒன்றரை அடி ஹியூம் பைப் அதே வாட்டத்தில் நிறைந்து ஓடினால் நொடிக்கு 90 லிட்டர். தெருவில் தண்ணீர் தேங்கி, வாய்க்கால் மட்டத்தைவிட 10 செ.மீ. கூடுதலாக நின்று அழுத்தினாலும் 40 மீட்டர் நீளத்துக்கு 110 லிட்டரைத் தாண்டாது. உங்களுக்கு வருவதில் பாதி. இதுவும் பைப் உள்ளே சுத்தமாக இருந்தால். வாய்க்கால் மட்டமும் தெருத் தண்ணீர் மட்டமும் ஒன்றாகிவிட்டால் ஓட்டமே இருக்காது. வாய்க்கால் மட்டம் மேலே போனால் தண்ணீர் உங்கள் பக்கம் வரும். நீங்கள் பார்த்த ஆகாயத்தாமரைக்கு அதுதான் காரணம்.

மூன்றடி வடிகால் 360 லிட்டர் கொண்டுவரும். கொண்டுவந்து இந்த 90 லிட்டர் பைப் வாயில் கொட்டும்! செலவு மட்டும்தான் கூடும். மதிப்பீட்டில் பைப்பைத் தொட்டிருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். இரண்டடிப் பைப் ஒன்று போட்டால் 195 லிட்டர், இரண்டு போட்டால் 390. பைப்பைவிட இரண்டடி உயரச் சதுரக் கான்கிரீட் பெட்டி நல்லது. மேல் மூடியைத் திறந்து வார முடியும். 40 மீட்டர் பைப்பை ஆள் இறங்கி வார முடியாது, இறக்கவும் கூடாது. அடைசலில் விஷவாயு நிற்கும். பைப்பே போடுவதானால் நடுவில் ஒரு திறப்புத் தொட்டி இல்லாமல் விடாதீர்கள்.

அளக்க வேண்டியது மூன்று: வடிகால் தரைமட்டம் தெருவின் இரு முனையிலும், பைப்பின் அடிமட்டம் இரு வாயிலும், வாய்க்காலின் தரைமட்டமும் மழைக்கால நீர்மட்டமும். லெவல் கருவி வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் போதும். 20 மீட்டர் டியூபில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு ஒரே மட்டக்கோடு கடத்திக்கொண்டே போங்கள். கோட்டிலிருந்து கீழே வடிகால் தரை வரைக்கும் டேப்பால் அளந்தால் வாட்டம் தெரிந்துவிடும். வண்டலின் மேலே அளக்கக் கூடாது. கம்பியைக் குத்தி கான்கிரீட் தட்டுகிற இடம் வரைக்கும் போக வேண்டும். வண்டல் கனமும் அதிலேயே தெரியும்.

கடைமடை:

மட்டக்கோல் சார் தெரு பக்கம் சொல்லிவிட்டார். வாய்க்கால் பக்கம் நான் சொல்கிறேன். டெல்டாவில் பாதித் தலைவலி அங்கேதான்.

நம் ஊர் ஆறுகள் பள்ளத்தில் ஓடுபவை அல்ல. வண்டல் போட்டுப் போட்டு, கரையும் கட்டி, பல இடத்தில் ஆற்று நீர்மட்டம் பக்கத்துத் தெருவைவிட உயரமாக இருக்கும். பாசன வாய்க்கால் ஆற்றின் தலைப்பில் பிரிந்து மேட்டிலேயே போகும், அப்போதுதான் வயலுக்குப் பாயும். வடிகால் என்பது இரண்டு மேட்டுக்கும் நடுவே உள்ள தாழ்வில் ஓடும். தெருத் தண்ணீர் போக வேண்டியது வடிகாலுக்கு. பக்கத்தில் இருக்கிறது, தோண்ட வேண்டியது குறைவு என்று பாசன வாய்க்காலில் இணைத்துவிட்டால் மழைக்காலத்தில் அது எதிர்த்துத்தான் வரும். ஆகவே நீர்வளத் துறை சொன்னது சாக்குப்போக்கு மட்டுமல்ல, அதில் விஷயமும் இருக்கிறது.

முதலில் உங்கள் வாய்க்கால் எந்த ரகம் என்று பாருங்கள். வட்டாட்சியர் அலுவலகத்திலோ தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்திலோ அ-பதிவேட்டையும் (ஊரின் நிலப் பதிவேடு) புலப்படத்தையும் (நிலஅளவை வரைபடம்) எடுங்கள். நகர நிலஅளவை முடிந்த பகுதி என்றால் நகர நிலஅளவைப் பதிவேடு. "வாய்க்கால்" என்று இருக்கிறதா, "வடிகால்" என்று இருக்கிறதா, அகலம் என்ன என்று தெரியும். காகிதத்தில் ஆறு மீட்டர் இருந்து தரையில் இரண்டு மீட்டர் இருந்தால் அது வேறு கதை, அதற்குச் சர்வேயர் வர வேண்டும்.

இன்னொன்று, வெண்ணாற்றுப் பகுதியில் கீழே போகப் போக பல ஆறுகளே பாசனமும் வடிகாலும் சேர்ந்து பார்க்கின்றன. வெள்ளையாறு, பாண்டவையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு எல்லாம் அப்படித்தான். மேலே இருந்து வரும் பாசனத் தண்ணீரும் வயலில் வடியும் மழைத் தண்ணீரும் ஒரே வயிற்றில். மழைக்கு முன்பே பாசனத் தண்ணீரைக் குறைக்காவிட்டால் உங்கள் பைப் வாய் மூழ்கித்தான் கிடக்கும்.

மழை எச்சரிக்கை வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "தலைப்பு ஷட்டர் அடைத்தாயிற்றா?" என்பதுதான், அதாவது ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்துக் கதவு. மேட்டூரில் குறைப்பது, கல்லணையில் கொள்ளிடத்துக்குத் திருப்புவது எல்லாம் மேலே நடக்கும். அது உங்கள் ஊர் வரைக்கும் தெரிய சில நாள் ஆகும். உங்கள் வாய்க்கால் தலைப்பை அடைப்பது அரை மணி வேலை. அந்தப் பகுதி லஸ்கரும் (ஷட்டரை இயக்கும் ஊழியர்) பாசனப் பிரிவு உதவிப் பொறியாளரும் யார் என்று ஐப்பசிக்கு முன்பே தெரிந்து வைத்திருங்கள். திருகு துருப்பிடித்து ஷட்டர் இறங்காமல் நிற்பது சாதாரணம். ஆவணியிலேயே ஒருமுறை முழுக்க இறக்கி ஏற்றிப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அடிக்கட்டில் கல்லோ கட்டையோ மாட்டியிருந்தால் ஒரு சாண் இடைவெளியில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்.

கீழேயும் நடந்து பாருங்கள், குறைந்தது இரண்டு கிலோமீட்டர். எங்கே நெய்வேலிக் காட்டாமணக்கு இருபுறமும் சாய்ந்து நடுவில் கைகோத்திருக்கிறதோ, எங்கே ஆகாயத்தாமரை பாலத்தூணில் அணைபோல் திரண்டிருக்கிறதோ, அங்கேதான் உங்கள் தெரு நீர்மட்டம் முடிவாகிறது. திரண்ட பாசிக்கு மேல்பக்கமும் கீழ்பக்கமும் ஒரு குச்சியில் நீர்மட்டம் குறித்துப் பாருங்கள். ஒரு அடி வித்தியாசம் இருந்தால் அந்த ஒரு அடி உங்கள் வாசலில் நிற்கிற தண்ணீர். காட்டாமணக்கை மேலே நறுக்கினால் மூன்று மாதத்தில் பழையபடி. வேரோடு பிடுங்கிக் கரைக்கு வெளியே போட வேண்டும். தண்டு ஈரத்தில் கிடந்தாலே துளிர்க்கும்.

கால அட்டவணையும் பொருந்துவதில்லை. நீர்வளத் துறை தூர் வாருவது ஜூன் 12 மேட்டூர் திறப்பைக் கணக்கு வைத்து, சித்திரை வைகாசியில். அவர்களுக்குத் தண்ணீர் வயலுக்குப் போய்ச் சேர வேண்டும். நகராட்சி வாருவது பருவமழைக்காக, புரட்டாசியில். நடுவில் நாலு மாதம் தண்ணீர் ஓடி வாய்க்காலில் பாசி மண்டியிருக்கும். அதை எடுக்க யாருக்கும் அப்போது பணிஆணை இருக்காது. அந்தப் புரட்டாசிப் பாசியகற்றும் வேலைக்குத்தான் மனு போட வேண்டும்.

தெற்குவீதி:

இரண்டு பேருக்கும் நன்றி. டியூப் வைத்து அளந்தோம். தெருவின் 200 மீட்டருக்கு வடிகால் தரை 19 செ.மீ. இறங்குகிறது. ஆனால் பைப்பின் வாய் வடிகால் தரையைவிட 15 செ.மீ. மேலே இருக்கிறது. வண்டல் கடைசி 150 மீட்டரில் சராசரி 20 செ.மீ. பதிவேட்டில் "வாய்க்கால்" என்றுதான் இருக்கிறது. தாழ்வில் ஓடும் வடிகால் தெரு முனையிலிருந்து 350 மீட்டர் தள்ளி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம்.

வீட்டுக்கு வீடு உறிஞ்சு குழி தோண்டினால் தெருவுக்கு வரும் தண்ணீர் குறையாதா என்றும் இங்கே சிலர் கேட்கிறார்கள்.

களிமண்:

உறிஞ்சு குழிக்குக் கடைசியில் வாருங்கள். தஞ்சாவூர் நகரின் செம்மண் மேட்டிலும் ஆற்றோர மணற்பாங்கிலும் குழி வேலை செய்யும். உங்கள் பக்கம் களிமண். கார்த்திகையில் நிலத்தடி நீர் தரைக்கு ஓரிரு அடியில் வந்துவிடும், குழி தானாகவே நிறைந்து கிடக்கும். கோடையில் நிலத்தடி நீருக்கு நல்லது, செய்யுங்கள். வெள்ளத்துக்கு விடை அதுவல்ல.

குளம் இருந்தால் சொல்லுங்கள். ஒரு ஏக்கர் குளத்தில் 40 செ.மீ. காலி இடம் என்றால் 1,600 கன மீட்டர். உங்கள் ஐந்து ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் ஓடிவருவதும் அதே 1,600 கன மீட்டர்தான். ஆனால் நம் ஊர்களில் ஆற்றுத் தண்ணீர் வரும்போதே குளத்தைப் படித்துறை விளிம்பு வரைக்கும் நிரப்பி அழகு பார்க்கிறோம். ஐப்பசி பிறக்கும்போது அரை மீட்டர் குறைவாக இருக்கட்டும், மழை நிரப்பிவிடும். குளத்தில் விடும் முன் ஒரு வண்டல் தொட்டியும் கம்பித் தடுப்பும் கட்டாயம். வடிகாலில் வீட்டுக் கழிவுநீர் இணைப்பு ஒன்று இருந்தாலும் குளத்தோடு சேர்க்காதீர்கள். மீன் செத்து மிதக்கும், ஊர்ச் சண்டை வரும்.

மட்டக்கோல்:

அந்த 15 செ.மீ.தான் உங்கள் வில்லன். வாட்டம் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்று, பைப் வாய் 15 செ.மீ. மேடு. அப்படியானால் வாயிலிருந்து பின்னோக்கி 150 மீட்டருக்கு மேல் எப்போதும் தண்ணீர் தேங்கியே கிடக்கும். வண்டல் கடைசி 150 மீட்டரில் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாருங்கள். எத்தனை முறை வாரினாலும் அந்த நீளத்தில் திரும்பப் படியும். கொசுவும் அங்கேதான். பைப்பை எடுத்துத் தாழ்த்திப் போடாமல் இதற்கு வழியில்லை. தாழ்த்தினால் வாய்க்காலில் இன்னும் ஆழமாக மூழ்கும். அதனால்தான் 350 மீட்டர் தள்ளியிருக்கும் வடிகாலுக்குக் கொண்டுபோவது சரியான தீர்வு. ஆயிரத்துக்கு ஒன்று வாட்டம் வைத்தால் முனையில் இருந்து இன்னும் 35 செ.மீ. இறங்க வேண்டும். அந்த வடிகாலின் மழைக்கால நீர்மட்டம் அதற்கும் கீழே இருக்கிறதா என்று அளந்துவிட்டு அப்புறம் கோரிக்கை எழுதுங்கள். நெடுஞ்சாலையைக் கடக்க நெடுஞ்சாலைத் துறை அனுமதி தேவை. ஏற்கெனவே சிறுபாலம் ஒன்று இருந்தால் அதன் தரைமட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தூர் வாருவதைச் சரிபார்க்க ஒரு எளிய கணக்கு. 150 மீட்டர் நீளம், 0.6 அகலம், 0.2 கனம்: 18 கன மீட்டர். கன அடியில் 635, யூனிட்டுக்கு 100 கன அடி என்றால் ஆறு யூனிட்டுக்குக் குறையாது. டிராக்டர் டிப்பருக்கு ஒரு யூனிட் என்றால் ஆறேழு நடை போயிருக்க வேண்டும். இரண்டு நடைதான் போயிற்று என்றால் வாரியது சிலாப் திறந்த இடத்தில் மட்டும். நாலைந்து சிலாப்பைத் தூக்கி 200 மீட்டர் வாரமுடியாது. கையில் பிடிக்கும் மண்வெட்டி எட்டும் தூரம் இருபக்கமும் இரண்டு மீட்டர், மிஞ்சினால் இரண்டரை.

வாரும் வேலை கீழ் முனையில் தொடங்கி மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் கலங்கிய மண் வாராத இடத்துக்குப் போய் உட்காரும். அள்ளியதை ஓரத்தில் ஒரு நாள் நீர் வடிய விடலாம், மறுநாள் எடுத்தாக வேண்டும். ஒரு வாரம் கிடந்தால் அடுத்த மழையில் அத்தனையும் உள்ளே.

புது ரோடு விஷயம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால் ஒவ்வொரு தடவையும் 3 முதல் 5 செ.மீ. ஏறும். மூன்று தடவை போட்டால் வீட்டு வாசல் சாலையைவிடப் பள்ளம். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலர் மட்டத்திலேயே அறிவுறுத்தல் போயிருக்கிறது. மதிப்பீட்டில் சுரண்டும் வேலைக்கு ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சுரண்ட மாட்டார்கள், அவ்வளவுதான்.

மனுக்காரர்:

யாரிடம் கேட்பது என்பதற்கு. தெரு வடிகால், பைப் இரண்டும் நகராட்சி. நெடுஞ்சாலை ஓர வடிகாலும் அதன் சிறுபாலமும் நெடுஞ்சாலைத் துறை. ஆறும் பெரிய வாய்க்கால்களும் (ஏ, பி பிரிவு) நீர்வளத் துறையின் வெண்ணாறு வடிநிலக் கோட்டம். சி, டி பிரிவு வாய்க்கால் என்றால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தையோ வேளாண் பொறியியல் துறையையோ கேட்க வேண்டிவரும். ஒரே மனுவில் நாலு பேரையும் குற்றம் சொன்னால் நாலு பேரும் மற்ற மூவருக்கு அனுப்புவார்கள். துறைக்கு ஒரு மனு, மனுவுக்கு ஒரு வேலை. "தெருவில் வெள்ளம்" என்று எழுதாதீர்கள். "இன்ன தெரு முனையில் 450 மி.மீ. குழாயின் அடிமட்டம் வடிகால் தரைக்கு 15 செ.மீ. மேலே உள்ளது, தாழ்த்தி அமைக்க வேண்டும்" என்று எழுதுங்கள். நகல்களை ஆட்சியரின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதாக இருந்தால்: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பிரிவு 6(1). கடந்த மூன்று ஆண்டு தூர்வாரலுக்கான மதிப்பீடு, பணிஆணை, அளவுப் புத்தகப் பக்கங்கள் (செய்த வேலையின் அளவைப் பதிவது), வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த மட்ட அளவு, மண் கொட்டிய இடம், நடை எண்ணிக்கை. "ஏன் வாரவில்லை?" என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் 19(1) முதல் மேல்முறையீடு, அதற்கும் மேல் மாநிலத் தகவல் ஆணையம். அந்தச் சட்டத்திலேயே பிரிவு 2(j)-யில் வேலையை நேரில் பார்வையிடும் உரிமையும் இருக்கிறது. பணி நடக்கும்போதே அதைக் கேட்டால் பலன் அதிகம்.

ஆக்கிரமிப்பு என்று தெரிந்தால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி பிரிவு 7 நோட்டீஸ், பிறகு பிரிவு 6 உத்தரவு. அளவை நடக்காமல் நோட்டீஸ் கொடுத்தால் நிற்காது. ஒரு கசப்பான விஷயமும் உண்டு. வடிகால் மேல் வாசல் சாய்தளம் கட்டிச் சிலாப்பைச் சிமென்ட் போட்டு அடைத்தவர்கள் பட்டியலில் மனு எழுதுகிறவர்களும் இருப்பார்கள். அதை முதலில் நீங்களாகவே உடைத்துத் தூக்குகிற சிலாப்பாக மாற்றிவிட்டுப் போனால் அலுவலகத்தில் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

டீசல்மோட்டார்:

பைப் மாற்ற ஒரு வருடம் ஆகும், இந்தக் கார்த்திகைக்கு என்ன செய்வது என்றால்:

வாய்க்கால் பக்க பைப் வாயில் ஒருவழிக் கதவு மாட்டலாம். மேலே கீல், தண்ணீர் வெளியே தள்ளினால் திறக்கும், எதிர்த்து வந்தால் மூடும். வார்ப்பிரும்பு ரகம் கனம், உங்களுக்கு இருக்கும் குறைந்த மட்ட வித்தியாசத்தில் சரியாகத் திறக்காது. பிளாஸ்டிக் ரகம் நல்லது. ஒரு தேங்காய் மட்டை இடுக்கில் மாட்டினால் போதும், கதவு திறந்தே நின்றுவிடும். ஆகவே கதவுக்கு முன்னால் தெருப் பக்கத்தில் கம்பித் தடுப்பு வைத்து, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள். கதவு இல்லையென்றால் மணல் மூட்டை. வாய்க்கு நேரே இரண்டு வரிசை, செங்கல் கட்டுவதுபோல மூட்டு மாற்றி, நடுவில் தார்ப்பாய்.

ஆனால் மூடியபின் தெருவில் பெய்கிற தண்ணீருக்குப் போக்கு இல்லை. பம்பு வேண்டும். 10 ஹெச்.பி. டீசல் செட்டு நடைமுறையில் நொடிக்கு 25 லிட்டர் தள்ளும் என்று வையுங்கள். 1,600 கன மீட்டருக்கு 18 மணி நேரம். எங்கே இறைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். அதே வாய்க்காலில் தலைப்புப் பக்கம் இறைத்தால் தண்ணீர் மூட்டை இடுக்கு வழியாகத் திரும்ப வரும், டீசல்தான் கரையும். தாழ்வில் ஓடும் அந்த வடிகாலுக்கே ஹோஸ் இழுங்கள், முடியாவிட்டால் மூட்டைக்குக் கீழ்ப்பக்கம் 30 மீட்டராவது தள்ளி. உறிஞ்சு முனையை ஓட்டை போட்ட டிரம்முக்குள் வைத்தால் பாலிதீன் பை அடைக்காது. நாகை, வேதாரண்யம் பக்கத்துக்காரர்களுக்கு: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றத்தில் கடைமடை ஷட்டர் மூடியிருக்கும். வற்றத்தில்தான் வடியும். ஏற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம். இறைக்கிற நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

பாதாளச் சாக்கடை உள்ள தெருவில் மூடியைத் திறந்து மழைத் தண்ணீரை விடாதீர்கள். ஒரு மணி நேரம் தெரு வடிந்ததுபோல் இருக்கும். மணல் முழுக்கக் குழாயில் இறங்கி, கழிவு நீரேற்று நிலையம் தாங்காமல், தாழ்வான வீட்டுக் கழிப்பறை வழியாகத் திரும்ப ஏறும். திறந்த மூடி கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கும் தெரியாது.

கடைமடை:

கூடுதலாக ஒன்று. எல்லா மழைக்கும் வடிகால் தாங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. பெய்தது. அதற்கு எந்தத் தெரு வடிகாலும் காணாது. உங்கள் வழக்கு வேறு. மணிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கே நிற்கிறது. அதனால் மழை அளவையும் சேர்த்து எழுதி வையுங்கள். நேர்ச்சுவர் உள்ள எவர்சில்வர் டப்பாவை மொட்டைமாடியில் திறந்த இடத்தில் வைத்து ஸ்கேலால் மணிக்கொரு முறை அளந்தால் போதும். மின்கம்பத்தில் பெயின்டால் 10 செ.மீ.க்கு ஒரு கோடு. தேதி, மணி, மழை, தெரு மட்டம், வாய்க்கால் மட்டம், தலைப்பு ஷட்டர் திறந்ததா மூடியதா. ஒரு பருவத்துக்கு இதை எழுதினால் "அதிகனமழை பெய்தது" என்ற பதிலை யாரும் உங்களுக்குத் தர முடியாது. வானிலைத் துறை கணக்கில் 204.4 மி.மீ.க்கு மேல் போனால்தான் அது அதிகனமழை.

தெற்குவீதி:

நெடுஞ்சாலைச் சிறுபாலத்தின் தரைமட்டம் நாளைக்கு எடுக்கிறோம். சிலாப்பைத் தூக்குகிற மாதிரி மாற்றுவதற்கு அளவு என்ன வைப்பது? இப்போது இருப்பது நாலு ஆள் சேர்ந்தாலும் அசையவில்லை.

மட்டக்கோல்:

வடிகால் உள் அகலம் 60, இரு சுவரிலும் 10 செ.மீ. உட்கார வேண்டும். ஆகவே நீளம் 80. அகலம் 50, கனம் 7.5 வைத்தால் எடை சுமார் 75 கிலோ, இரண்டு ஆள் கம்பி மாட்டித் தூக்கலாம். ஆட்டோ, கார் ஏறுகிற வாசலுக்கு மட்டும் கனம் 12.5 முதல் 15, அகலத்தை 30 ஆகக் குறைத்துவிடுங்கள். 10 மி.மீ. கம்பி அடிப்பக்கத்தில் வரவேண்டும். மேல்பக்கம் கம்பி போட்டு வார்த்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், வார்க்கும்போது நின்று பாருங்கள். கொக்கியை மேலே நீட்டினால் கால் தடுக்கும். சின்னக் குழி விட்டு அதற்குள் மடங்கும் வளையமாக வையுங்கள். சுவர்மேல் சிமென்ட் பூசி உட்கார வைக்காதீர்கள், மணல் விரிப்பு போதும். சாலைப் பக்கச் சுவரில் ஐந்து மீட்டருக்கு ஒரு நீர்த்துளை, அடி சாலை மட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே இருக்கட்டும். எதிர்ப்பக்க வீடுகளின் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும்.